சுரண்டாமல் விட்ட போல்ட்

ஜங்லிகாட், போர்ட் பிளேர்
4 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

விசாலாட்சி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் முழுச் சுகம், என் வீட்டுக்காரர் அரைச் சுகம். கச்சால் தீவில் நீங்களும் சொர்ணம்மா அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணியின் முட்டிவலி குறைந்ததா?

போனில் சொல்ல மூன்று நாள் முயன்றேன். உங்கள் ஊர் டவர் அழகுக்குத்தான் நிற்கிறது போலிருக்கிறது, 'ஹலோ ஹலோ'வைத் தாண்டவே இல்லை. அதனால் நிகோபார் கப்பலில் வரும் நர்ஸம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வயரிங் விஷயம், படம் போட்டுத்தான் கேட்கவும் முடியும்.

கான்ட்ராக்டர் சந்திரமோகன் சாரின் பச்சை ஸ்போர்ட்ஸ் கார் உங்களுக்கு நினைவிருக்கும். இருபத்தைந்து வயசான, இரண்டே சீட் உள்ள வண்டி. அக்டோபர் 12 சாயங்காலம் சாரின் மகள் ப்ரியங்காவை ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் அதை ஓட்டி வந்திருக்கிறார். மணி ஆறுதான், ஆனால் இங்கே அதற்குள் கும்மிருட்டு என்பது உங்களுக்குத் தெரியாததா? லேசான மழை. சிப்பிகாட் வளைவில் பிரேக்கை மிதித்ததும் முன் லைட் இரண்டும் மஞ்சளாகி அணைந்துவிட்டன என்கிறார். வண்டி தென்னை மரத்தில் பக்கவாட்டில் இடித்து நின்றது. ப்ரியங்காவுக்கு இடது கை முறிந்தது. அந்தப் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எதையும் கவனிக்கவில்லையாம்.

மறுநாள் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்து சுவிட்சைப் போட்டார். லைட் பளிச்சென்று எரிந்தது. "சப் டீக் ஹை. டிரைவர் சோ கயா" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எல்லாம் சரியாக இருக்கிறதாம், டிரைவர்தான் தூங்கிவிட்டாராம், சாயங்காலம் ஆறு மணிக்கு! லைசென்ஸைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். மார்ச் 18 விசாரணை. அன்றைக்குள் லைட் அணைந்தது நிரூபணமாகவில்லை என்றால் லைசென்ஸ் ரத்து. சாரிடம் ஒன்பது வருடம் வண்டி ஓட்டியவர் இப்போது மீன் ஜெட்டியில் ஐஸ் உடைக்கிறார்.

சாரின் வீட்டுக்குப் போய், விசாரணை முடியும்வரை வண்டியைக் கேட்டு வாங்கி நம் ரிப்பேர் கடையில் நிறுத்தியிருக்கிறேன். "பாத்துக்கோம்மா, ஆனா என் பொண்ணு கைய ஒடச்சவன் பொய் சொல்றான்னுதான் நான் சொல்லுவேன்" என்றார். சொல்லட்டும். போன வருடம் கச்சால் பவர்ஹவுஸ் வேலைக்குக் கிளம்புமுன் நீங்கள் கடைசியாகத் தொட்ட வண்டி இதுதானே? அடிச்சட்டத்துக்குப் பெயிண்ட் அடித்தீர்கள். நான் ஸ்கூட்டரும் ஆட்டோவும் பார்க்கிறவள். இதன் குடலெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். எங்கே தொடங்கலாம் என்று எழுதுங்கள்.

அவர் தூங்கவில்லை, அண்ணே. அதை அந்த இன்ஸ்பெக்டரின் கண்ணுக்குக் காட்டாமல் விடமாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும்,
விசாலாட்சி


கச்சால்
19 நவம்பர் 2024

அன்புத் தங்கை விசாலாட்சிக்கு,

பொன்னுத்துரை அண்ணனின் ஆசிகள். ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணிக்கு முட்டிவலி குறைந்து இடுப்புவலி வந்திருக்கிறது. மழை விட்டபாடில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க முடியாமல் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். பவர்ஹவுஸில் இரண்டு ஜெனரேட்டரில் ஒன்று ரிப்பேர். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஏழு மாதம் இருப்பதால் லீவு கேட்க முடிவதில்லை.

மாப்பிள்ளை விஷயம் படித்து மனசு கஷ்டப்பட்டது. அந்தப் பெண்ணின் கை கூடிவிட்டதா?

பழைய வண்டியில் முதலில் லைட் சுவிட்சைக் கழற்றிப் பார். உள்ளே தகடு கருகியிருக்கும். பிறகு ஃபியூஸ் பெட்டியில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், சுத்தம் செய். ரிலேயை மாற்று. பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா பார். எர்த்தைப் பற்றிக் கவலைப்படாதே, ஃபைபர் வண்டியில் அது தனி வயர், அங்கே ஒன்றும் கெடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


ஜங்லிகாட்
2 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

விசாலாட்சி வணக்கம். அண்ணியின் இடுப்புக்கு ஒரு தைலம் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் தடவிவிட வேண்டும், அவரையே தடவிக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

சுவிட்சைக் கழற்றினேன். கருகவில்லை. ஃபியூஸ் பெட்டியை எலுமிச்சை போட்டுத் தேய்த்து வெள்ளிப் பாத்திரமாக்கிவிட்டேன். ரிலே புதுசு. சார்ஜ் பதினான்கு வோல்ட் ஏறுகிறது. பத்து நாள் வேலை. லைட் முன்னாலும் எரிந்தது, இப்போதும் எரிகிறது. எரிகிற லைட்டில் எதை ரிப்பேர் பண்ணுவது? இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கமாக வந்தவர் எட்டிப் பார்த்து, "பெஹன்ஜி, நயா காடி பனா ரஹி ஹோ க்யா?" என்று சிரித்துவிட்டுப் போனார். புது வண்டி செய்கிறேனா என்று கேலி.

அது போகட்டும். நேற்று சாப்பிடும்போது அவர், "ஒருவேள நான் கண்ணசந்துட்டேனோ விசா? எல்லாரும் சொல்றப்ப எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை, அண்ணே. லைசென்ஸ் போனால்கூட வேறு பிழைப்பு பார்த்துக்கொள்ளலாம். தன் கண்ணையே நம்பாத மனுஷனை வைத்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன்?

இன்னும் என்ன பார்க்கலாம் என்று எழுதுங்கள். விரிவாக எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
விசாலாட்சி


கச்சால்
20 டிசம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் நினைத்தபடி இருக்கிறேன். தைலம் கிடைத்தது. இங்கே கிறிஸ்துமஸுக்கு நிகோபாரி வீடுகளில் பன்றி அடிக்கத் தயாராகிறார்கள், ஊரே பாட்டும் கூத்துமாக இருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். மனுஷனுக்குக் கண் அசருவது பெரிய குற்றமில்லை. லைசென்ஸ் போனால் கொஞ்ச காலம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இங்கே கான்ட்ராக்டில் ஒரு வேலைக்கு நான் சொல்லிவைக்கிறேன். நீ கிடந்து அலையாதே. வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு.

அண்ணன்


ஜங்லிகாட்
6 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். கோபமாக இருக்கிறேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

'கண் அசருவது குற்றமில்லை' என்ற வரியை அவரிடம் காட்டவில்லை. அந்த இன்ஸ்பெக்டர் எழுதியதையே நீங்களும் எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. வண்டியையும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். இத்தனை நாளும் ஒவ்வொரு லைட்டாகப் போட்டுப் பார்த்து ஏமாந்திருக்கிறேன், இன்ஸ்பெக்டரைப் போலவே. அன்றைக்கு மழை, வைப்பர் ஓடியிருக்கும். எஞ்சின் ஃபேன் ஓடியிருக்கும். வளைவில் இண்டிகேட்டர், பிரேக், எல்லாம் ஒரே நேரத்தில். அப்படியே எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டேன். போட்டதும் முன் லைட் மஞ்சளாக மங்கியது! இண்டிகேட்டர் துடிக்கிற தாளத்துக்கு அதுவும் துடிக்கிறது. பிரேக்கை மிதித்தால், ஆறிக் கிடக்கிற எஞ்சினில் சூடு காட்டும் முள் மேலே ஏறுகிறது.

வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை லைட்டின் கறுப்பு வயரிலும் வைத்தேன். பூஜ்யம் காட்டவேண்டிய இடத்தில் மூன்றரை வோல்ட். போகிற வழியில் குறையே இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்பிய கரண்ட் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வருகிற வழியில்தான் அடைப்பு. அதாவது எர்த்தில். தகர வண்டியென்றால் உடம்பு முழுக்கத் திரும்பும் வழிதான். இது டிங்கி படகு மாதிரி ஃபைபர், கறுப்பு வயரெல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து பேட்டரித் தட்டுக்கு அடியில் போய் மறைகிறது. அங்கே இரும்புச் சட்டத்தில் ஏதோ ஒரு போல்ட்டில்தான் முடிய வேண்டும்.

அந்தச் சட்டத்தை முழுதாகக் கழற்றிப் பெயிண்ட் அடித்தவர் நீங்கள். அந்தப் போல்ட் எங்கே, எப்படி மாட்டினீர்கள் என்று படம் போட்டு அனுப்புங்கள்.

அண்ணியின் இடுப்பு எப்படி இருக்கிறது?

விசாலாட்சி


ஜங்லிகாட்
28 ஜனவரி 2025

அண்ணனுக்கு வணக்கம்.

இரண்டு கப்பல் வந்து போய்விட்டன. கச்சாலிலிருந்து தேங்காய் வந்தது, கொப்பரை வந்தது, ஒரு நாய்க்குட்டிகூட வந்தது. கடிதம் வரவில்லை. பவர்ஹவுஸ் போனுக்குக் கூப்பிட்டேன், ஒரு முறை கிடைத்தது. "பொன்னுத்துரை பாஹர் கயா" என்றார்கள். வெளியே போயிருக்கிறீர்களாம். பின்னால் உங்கள் இருமல் கேட்டது.

பேட்டரியைத் தூக்கினால் அந்தப் போல்ட்டை நானே பார்த்துவிடலாம், அரை மணி நேர வேலை. ஆனால் அதற்கு முன் நீங்கள் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்காக இன்னும் ஒரு கப்பல் பொறுத்திருக்கிறேன். அதற்குமேல் பொறுக்க மாட்டேன்.

எல்லோரும் சுகமாக இருங்கள்.

விசாலாட்சி


கச்சால்
7 பிப்ரவரி 2025

அன்பான விசாலாட்சிக்கு,

அண்ணி சொர்ணம்மா எழுதிக்கொள்வது. கும்பிட்ட சாமி உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். தைலத்தில் இடுப்பு தேவலாம். உன் அண்ணன்தான் தடவிவிட்டார்.

அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டர் ஷெட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறார். எழுதுகிறார், கிழிக்கிறார். என்னவென்று கேட்டால், "ஒன்னுமில்ல புள்ள, கணக்கு வரல" என்கிறார். என்ன கணக்கோ.

எனக்கு வயரும் தெரியாது வண்டியும் தெரியாது. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வந்தது, எழுதுகிறேன். நாங்கள் கச்சாலுக்குக் கிளம்பின அன்று, கப்பலில் ஏணியைத் தூக்கப் போகிற நேரத்தில்தான் அவர் ஜெட்டிக்கு ஓடிவந்தார். அதை விட்டால் அடுத்த கப்பல் பதினாறு நாள் கழித்து, வேலையில் சேரும் தேதி போய்விடும். கையெல்லாம் படகுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்ட். டெக்கில் நின்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே, "ஒரு போல்ட்டுக்கு அடியில பெயிண்டச் சொரண்டாம முடுக்கிட்டேன், விசாகிட்டச் சொல்லணும்" என்றார். "போய் இறங்கிச் சொல்லிக்கிருவோம்"னு நான்தான் சொன்னேன். இங்கே வந்தால் சிக்னல் இல்லை, பிறகு எல்லோரும் மறந்துபோனோம்.

இது உனக்கு உதவுமோ என்னவோ. நான் எழுதினது அவருக்குத் தெரியாது.

அண்ணி


ஜங்லிகாட்
17 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

நான் சுகம். அண்ணிக்குத் தனியாக நன்றி சொல்லுங்கள். அவரைத் திட்டினால் நான் கப்பலேறி வருவேன்.

பேட்டரியைத் தூக்கினேன். நீங்கள் மாட்டிய போல்ட்டைப் பார்த்தேன். உப்புக் காற்று தின்னாமலிருக்க இந்த ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்திருக்கிறீர்கள். சட்டத்துக்குப் படகுப் பெயிண்ட் இரண்டு கோட்டு, அது காயுமுன் அதன் மேலேயே ஒன்பது கறுப்பு வயரையும் வைத்து முடுக்கியிருக்கிறீர்கள். வயருக்கும் இரும்புக்கும் நடுவில் பெயிண்ட். கரண்ட் போல்ட்டின் மரை வழியாக மட்டும் திணறிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு பக்கம் கருகிக் கறுத்திருக்கிறது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு மணி பார்த்தேன். பதினொன்றாவது நிமிடம் முன் லைட் இரண்டும் போயின. மட்கார்டில் ஒரு தட்டுத் தட்டினேன், திரும்ப எரிந்தது. தென்னை மரத்தில் மோதிய அதிர்ச்சியிலும் இப்படித்தான் சரியாகியிருக்கும். அதனால்தான் மறுநாள் "சப் டீக் ஹை."

ஐந்து நிமிட வேலை, அண்ணே. உப்புத்தாள் கையில் இருந்தது. பெயிண்டைச் சுரண்டி இரும்பு மின்னுகிறமாதிரி ஆக்கி, வயரை வைத்து முடுக்கினால் தீர்ந்தது. பதினைந்து வருடம் இந்த வேலை செய்கிறேன், கண்ணெதிரே கண்டுபிடித்த கோளாறைச் சரிசெய்யாமல் விட்டதே இல்லை. கை பரபரவென்று வந்தது. ஆனாலும் சுரண்டவில்லை. இன்ஸ்பெக்டர் பார்க்கும்வரை அது கெட்டபடியே இருக்க வேண்டும். யாரும் தொடக்கூடாதென்று கடைக்கு இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறேன்.

அவரை மட்டும் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். லைட் மஞ்சளாகி அணைந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே, "நான் தூங்கல. நான் தூங்கல விசா" என்று அழுதார். நானும் அழுதேன். பிறகு டார்ச் வாங்கிப் போல்ட்டைக் குனிந்து பார்த்தார். யார் அடித்த பெயிண்ட் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கப்பல் நேரத்தில் மறந்தது எனக்குப் புரிகிறது. யாருக்கும் வரும். ஆனால் "எர்த்தைப் பற்றிக் கவலைப்படாதே" என்று எழுதினீர்களே, அது மறதி இல்லை. தெரிந்தே என்னைச் சுவிட்சுக்கும் ஃபியூஸுக்கும் துரத்தினீர்கள். வீட்டில் ஒரு மனுஷன் தன்னையே நம்பாமல் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தபோது செய்தீர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

மார்ச் 18க்குள் உங்கள் கைப்பட, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வராவிட்டால் நான் வாயால் சொல்வேன்.

விசாலாட்சி


கச்சால்
1 மார்ச் 2025

விசாலாட்சிக்கு,

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கில்லை, ஆனாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் முதல் கடிதத்தில் "மஞ்சளாகி அணைந்துவிட்டன" என்று படித்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் கை முறிந்தது என்று அடுத்த வரி. பயந்துவிட்டேன். பவர்ஹவுஸில் என் வேலையே எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான். அந்தக் கையெழுத்தைப் போடுகிறவனால் இப்படி ஆனது என்று தெரிந்தால் வேலை நிரந்தரமாகாது என்று நினைத்தேன். நீ சலித்து விட்டுவிடுவாய் என்றும் நினைத்தேன். உன்னோடு பன்னிரண்டு வருடம் ஒரே கடையில் உட்கார்ந்தவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

நீ கேட்ட காகிதம் இத்துடன் இருக்கிறது. கொடுத்துவிடு. தயங்காதே.

பொன்னுத்துரை


ஜங்லிகாட்
21 மார்ச் 2025

அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். இந்த முறை இரண்டு பேரும் முழுச் சுகம்.

18ஆம் தேதி சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். இன்ஸ்பெக்டர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சந்திரமோகன் சாரும் ப்ரியங்காவும் வந்தார்கள். அவள் கை கூடிவிட்டது, முழுதாக மடக்க மட்டும் வராதாம். இன்ஸ்பெக்டரையே டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, வைப்பர், ஃபேன், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் அவர் கையாலேயே போடச் சொன்னேன். ஒன்பதாவது நிமிடம், "கித்னா தேர்?" என்று எரிச்சலோடு கேட்டார். இன்னும் எவ்வளவு நேரம் என்று எனக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு தாண்டியது. பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். மிதித்தார். கடை முழுக்க இருட்டாகிவிட்டது.

அந்த இருட்டிலேயே ப்ரியங்கா, "அப்பா, போன்லேருந்து நிமிந்தப்ப இப்படித்தாம்ப்பா இருந்துச்சு" என்றாள்.

போல்ட்டைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் முட்டி போட்டுப் பார்த்தார், போட்டோ எடுத்தார். 'வண்டியின் கோளாறு, டிரைவர் தவறில்லை' என்று அங்கேயே எழுதினார். சார் என் வீட்டுக்காரர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

அப்புறம் இன்ஸ்பெக்டர் கேட்டார், "யே பெயிண்ட் கிஸ்னே லகாயா?" யார் அடித்தது என்று. உங்கள் காகிதம் என் பையில் இருந்தது. ஜிப்பைத் திறந்துவிட்டேன். அதற்குள் உங்கள் மாப்பிள்ளை முந்திக்கொண்டு, "மாலூம் நஹி, சாப். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு" என்று தமிழும் இந்தியுமாக, தெரியாதென்று சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் தலையாட்டி அதையும் எழுதிக்கொண்டார். உங்களிடம் வண்டியைப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்த சாருக்குக்கூட அது நினைவில்லை போலிருக்கிறது, அல்லது பேசவில்லை.

வீட்டுக்கு வந்து, "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கத்தினேன். "அன்னைக்கு மச்சான ஜெட்டிக்குக் கொண்டுவந்து விட்டது நான்தானே விசா? அவசரத்துல நான்தான் ஹாரன் அடிச்சு அடிச்சு வெளிய கூப்பிட்டேன். அவர் கைச் செவப்பு எனக்குத் தெரியாதா? அவர் வேலை நெலைக்கட்டும்" என்றார்.

அண்ணே, ஐந்து மாதம் இந்த ஊரில் ஒருவரும் அவர் சொன்ன உண்மையை நம்பவில்லை. முதல்முதலாக அவர் பேச்சை நம்பி ஒரு அதிகாரி எழுதிக்கொண்டது, உங்களுக்காக அவர் சொன்ன பொய்யை. எனக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. இதற்காகவா நான் கடைக்கு இரண்டு பூட்டுப் போட்டேன்?

உங்கள் காகிதத்தை நான் கொடுக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இதைத் தங்கை கொடுக்கக் கூடாது.

போல்ட்டை நேற்றுச் சுரண்டிவிட்டேன். மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது.

விசாலாட்சி


கச்சால்
2 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம்.

நேற்று மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லி லீவு கேட்டேன். வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. லீவு கொடுத்தார். 9ஆம் தேதிக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இறங்கியதும் முதலில் அந்தப் பெண்ணையும் சாரையும் பார்க்கிறேன். அடுத்து டிரான்ஸ்போர்ட் ஆபீஸ். மாப்பிள்ளை எனக்காகச் சொன்ன பொய்யை இன்ஸ்பெக்டர் எழுதிய குறிப்பிலிருந்து அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் வேறு எங்கும் போவேன். என்னை அழைத்துப்போக ஜெட்டிக்கு வரவேண்டாம் என்று அவரிடம் சொல்.

அதன் பிறகு வீட்டுக்கு வருகிறேன். சோறு போடுவாயா மாட்டாயா என்று பதில் எழுதாதே, வந்து தெரிந்துகொள்கிறேன்.

பொன்னுத்துரை